கோட்டுக்கு ஓரடி முன்னால்

டார்ப்லி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருமே அந்த வருஷம் மைதானத்தில் இருந்தார்கள். மகன் ஐசம், பல்கலைக்கழக அணியில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன். அவனுக்கு ஒரு வயசு மூத்தவள் ஆர்னெட்டா, பல்கலைக்கழக பேண்டில் ட்ராம்போன் ஊதுகிறவள். டன்மோரில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிற கறுப்பர்களான எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. முதல் கறுப்புப் பையன் படிக்க வந்த அன்று பல்கலைக்கழகம் இருக்கிற குன்றின் மேல் கார்கள் எரிந்ததையும், பட்டாளம் வந்து இறங்கியதையும் நாங்கள் எல்லாரும் பார்த்தவர்கள். புகை எங்கள் வீட்டுக் கொல்லை வரை வந்தது. காயப்போட்டிருந்த துணிகளை மறுபடி துவைத்தோம். அப்போது இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்று குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள் பிள்ளைகளின் அம்மா வெர்டெல் அக்கா. அந்த இரண்டும்தான் இப்போது குன்றின் மேல் இருந்தன.

நான் ஒஸெல்லா. வெர்டெல் அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு. விளையாட்டுக்காரப் பையன்களுக்குச் சமைத்துப் போடுகிற கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் நின்றோம். விடிவதற்கு முன்னால் மோர் விட்டு மாவு பிசைந்து, பிஸ்கட் ரொட்டியைத் தட்டுத் தட்டாக அடுப்புக்குள் தள்ள வேண்டும். சோளக்குறுணைக் கஞ்சி ஒரு பக்கம் கொதிக்கும். ஒருத்தன் முட்டை வேகவில்லை என்பான், இன்னொருத்தன் ரொம்ப வெந்துவிட்டது என்பான். ஆகஸ்டு மாசத்தில் வெயிலில் காலையும் மாலையும் பழகிவிட்டு வருகிற பையன்கள் மாடு தண்ணீர் குடிப்பது போல ஐஸ் டீ குடிப்பார்கள். ஐசம் வரிசையில் வந்து நிற்கும்போது வெர்டெல் அக்கா அவனுக்கும் மற்றவனுக்கும் ஒரே அளவுதான் போடுவாள். யாரும் எதுவும் சொல்லிவிடக்கூடாது என்று. அவனுக்கு வேண்டிய இன்னொரு துண்டு கோழியை நான் போடுவேன்.

ஆட்டத்தில் பந்தோடு கோட்டைத் தாண்டினால் டச்டவுன். டச்டவுன் ஆனால் பேண்டு அந்தப் பழைய பாட்டை வாசிக்கும். அடிமைகளை விடமாட்டோம் என்று வடக்கத்தியாரோடு சண்டைக்குப் போன படை பாடிக்கொண்டு போன பாட்டு. பாட்டு கிளம்பியதும் மைதானம் முழுக்க அந்தப் படையின் சிவப்புக் கொடி எழும்பும். குழந்தைகள் கையில் சின்னக் கொடி, பெரியவர்கள் கையில் போர்வை அளவுக் கொடி. மெட்டு நல்ல மெட்டு, அதுதான் வம்பு. கால் தானாகத் தாளம் போட்டுவிடும். பிறகு போட்ட கால் மேலேயே கோபம் வரும்.

ஐசத்துக்கு அந்த வருஷம்தான் முதல் வரிசையில் இடம் கிடைத்தது. செப்டம்பரில் உள்ளூரில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அவன் இரண்டு தடவை கோட்டைத் தாண்டினான். மறுநாள் ஞாயிறு, கோயில் ஜெபம் முடிந்து டார்ப்லி வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு. பொரித்த கோழி, பன்றிக்கால் போட்டு வேகவைத்த கீரை, வெண்ணெய் மொச்சை, சோள ரொட்டி. ஜன்னலில் மின்விசிறி ஓடியும் எல்லாருக்கும் வியர்த்தது.

"நேத்து ரெண்டாவது தடவ நீ ஊதவே இல்லையாமே?" என்றான் ஐசம், கோழிக்காலைக் கடித்தபடி. "லோனி சொன்னான். எல்லாரும் எந்திரிச்சு நின்னு வாசிக்கிறாங்களாம், நீ மட்டும் ட்ராம்போன மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தியாம்." லோனி அவனுக்கு அடுத்தபடியாக ஓடுகிற பையன். பருத்திக்காட்டு டெல்டா பக்கத்துக்காரன். ஐசத்தின் வால் மாதிரி திரிவான்.

"ஆமா," என்றாள் ஆர்னெட்டா.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

வெர்டெல் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "பின்ன என்னடி வந்துச்சு ஒனக்கு?"

"இவன் கோட்டத் தாண்டுற ஒவ்வொரு தடவையும் நான் அந்தப் பாட்ட ஊதணும்மா. போன வருஷம் வேற எவனோ தாண்டுனான், பல்லக் கடிச்சுக்கிட்டு ஊதிட்டேன்."

"பல்லக் கடிச்சுக்கிட்டு எப்படிக்கா ஊத முடியும்?" என்றான் ஐசம். அவள் சிரிக்கவில்லை.

"நேத்து நீ ஓடுனப்ப நான் எந்திரிச்சு நின்னு பாத்தேன்டா. அந்த மூணு பேருக்கு நடுவுல பூந்து போனியே, அத. எம் தம்பிடான்னு கத்தலாம்னு வாயத் தொறக்கறேன், எங்க மாஸ்டர் ஹன்னிகட் வாசிக்கச் சொல்லிக் கையத் தூக்கிட்டாரு. எம் தம்பி ஓடுனதுக்கு நான் அவங்க பாட்ட ஊதணும். அதுவும் நான் ஊதுறது அவனுக்காக இல்ல. கொடிய ஆட்டுறானுங்களே, அவனுங்களுக்காக."

"அது வெறும் பாட்டு. நான் காதுலயே வாங்கறதில்ல."

"நீ ஹெல்மெட் போட்டிருக்க. எனக்குத் தலையில வெறும் தொப்பிதான்."

ஹோசியா அண்ணன், அதாவது பிள்ளைகளின் அப்பா, அதுவரை மொச்சையைத் தின்றுகொண்டிருந்தார். கார்ட்ரைட் மரஅறுவை ஆலையில் வேலை. வாளுக்குப் பக்கத்தில் நின்று நின்று காது பாதி போனவர். மகன் ஆடுகிற ஆட்டத்துக்குக்கூட அவர் மைதானத்துக்குப் போகமாட்டார். "ரேடியோன்னா அந்தப் பாட்டு வர்றப்ப சத்தத்தக் கொறச்சுக்கலாம்," என்றார். "அங்க போனா யாரு கொறைப்பா?"

"நீங்க வேற எடுத்துக் குடுக்காதீங்க," என்றாள் அக்கா. "பேண்டுல இருக்கறதாலதான்டி ஒனக்கு ஃபீஸ் இல்லாம ஓடுது. ஊதற மாதிரி உதட்டுல வச்சு நடிச்சுட்டுப் போயேன். யாரு வந்து காத்து வருதான்னு பாக்கப் போறா?"

"மொதத் தடவ அதாம்மா செஞ்சேன். ஊதுறதவிட அது மோசமா இருந்துச்சு."

நான் எழுந்து பீச் பழப் பாயசத்தை எடுத்து வந்து வைத்தேன்.

அடுத்த வாரம் பேண்டு மாஸ்டர் ஹன்னிகட் அடுப்படிக்கே வந்துவிட்டார். ஒல்லியான மனுஷன், கோபப்படத் தெரியாதவர். நாங்கள் பெரிய தொட்டியில் கீரை அலசிக்கொண்டிருந்தோம்.

"வெர்டெல், உன் பொண்ணு மாதிரி ஊதறவ இந்த வருஷம் எங்கிட்ட வேற யாரும் இல்ல," என்றார். "நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். ஆனா மேல இருக்கறவங்க பாத்துட்டாங்க. பழைய மாணவர் ஒருத்தர் பைனாகுலர் வச்சுப் பாத்திருக்காரு. ஒண்ணு அவ ஊதணும், இல்ல உடுப்பத் திருப்பிக் குடுக்கணும். நீ சொன்னாக் கேப்பா."

"சொல்றேன் சார்."

"எனக்கே அந்தப் பாட்டு அலுத்துப்போச்சு, உண்மையச் சொல்லணும்னா."

"அப்ப வேற பாட்டு வாசிங்களேன் சார்," என்றேன் நான். வாய் சும்மா இருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். ஈரத் தரையைப் பார்த்தார். அப்படியே போய்விட்டார்.

அக்கா சொன்னாள். அழுதாள், திட்டினாள், சொல்லிப் பார்த்தாள். ஆர்னெட்டா உடுப்பை இஸ்திரி போட்டு மடித்து, ட்ராம்போனைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மாணவர் பத்திரிகையில் அவள் பேர் வந்தது. அந்த வாரமே டார்ப்லி வீட்டுத் தபால் பெட்டியை யாரோ காரில் போகிற போக்கில் கட்டையால் அடித்து நசுக்கிவிட்டுப் போனார்கள். ஹோசியா அண்ணன் அதைக் கழற்றி, சுத்தியலால் தட்டி நேராக்கி, மறுபடி மாட்டினார். மூடி மட்டும் மூடவே இல்லை.

ஆலையிலும் பேச்சு வந்தது. முதலாளி கார்ட்ரைட் பல்கலைக்கழகத்து அணி என்றால் உயிரை விடுகிறவர். அண்ணனை ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அன்று சாயங்காலம் வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அண்ணன் எங்களுக்குச் சொன்னார்.

"'என்ன ஹோசியா, ஒம் பொண்ணுக்கு எங்க பாட்டு புடிக்கலையாமே'ன்னான். 'அவளுக்குச் சின்னதுலருந்தே காது ரொம்ப நல்ல காதுங்க சார்'னேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வெர்டெல் அக்கா சிரிக்கவில்லை. "அப்பறம்?"

"அப்பறம் என்ன, பச்சப் பலகை இழுக்கப் போன்னுட்டான்."

பச்சைப் பலகை இழுப்பது இருபது வயசுக்காரன் வேலை. வாளிலிருந்து ஈரத்தோடு, பிசினோடு சங்கிலியில் வருகிற பலகையை இழுத்து இழுத்து அடுக்க வேண்டும். சங்கிலி நிற்காது. ஐம்பதைத் தாண்டிய மனுஷன் அன்றிலிருந்து சாப்பிடும்போது கரண்டியைப் பிடிக்க முடியாமல் பிடித்தார். அக்கா அவர் தோளுக்குத் தைலம் தேய்ப்பாள். தேய்த்துக்கொண்டே அடுத்த அறையில் படிக்கிற மகளுக்குக் கேட்கும்படி பேசுவாள்.

"ஒருத்தி வாயில காத்து நின்னா, ஒருத்தர் தோள்பட்டை போகுது."

"அவள ஏன்டி சொல்ற," என்பார் அண்ணன். "பலகைய எங்கையில குடுத்தது அவளா?"

ஐசம்தான் அக்காவைவிடக் கோபமாக இருந்தான். விடுதியிலிருந்து வந்தவன் அப்பா கையைப் பார்த்தான். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து பிசின் ஒட்டியிருந்தது.

"பாத்தியா இத?" என்றான் ஆர்னெட்டாவிடம். "ஒனக்கு மானம் ரோஷம் எல்லாம் இருக்கு. சந்தோஷம். கையி யாரோடது?"

"அப்ப நான் ஊதணுங்கறியா?"

"ஊது, ஊதாமப் போ. என்னைய இதுல இழுக்காத. காசு குடுத்து ஆட வைக்கிற பெரிய அணிக்காரங்க வந்து என்னப் பாத்துட்டுப் போறாங்க. நான் ஓடி இந்த வீட்ட மாத்திடுவேன். அதுவரைக்கும் நீ சும்மா இருந்தாப் போதும்."

"நான் சும்மாத்தானேடா இருந்தேன். அதுக்குத்தானே வெளிய அனுப்புனாங்க."

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒரே மேஜையில் உட்கார்ந்தால்கூட உப்பை எங்கள் வழியாகத்தான் கேட்பார்கள்.

அக்டோபர் கடைசியில் பழைய மாணவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பிவந்து கொண்டாடுகிற பெரிய ஆட்டம். அன்று காலையிலிருந்தே மழைக்காற்று. விளையாட்டுக்கு முன்னால் பையன்களுக்கு மாட்டுக்கறியும் முட்டையும்தான் விதி. ஐசம் தட்டை நீட்டாமல் நின்றான்.

"கறி வேணாம்மா. பிஸ்கட் ரெண்டு குடு. கொஞ்சம் சோளப்பாகு ஊத்து."

"வெறும் வயித்துல ஓடுவியா?"

"எறங்க மாட்டேங்குது." கொஞ்சம் தயங்கினான். "அக்கா வருதா இன்னைக்கி?"

"வர்றா. எங்கூடத்தான் உக்காருவா. ஏன், நீயே அவகிட்ட கேக்கறதுதானே?"

"சும்மா கேட்டேன்," என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பின்னால் நின்ற லோனி, அவன் விட்ட கறியையும் தன் தட்டில் போடச் சொன்னான்.

மதியம் நாங்கள் மூன்று பேரும் ஆட்டக்காரர் குடும்பங்களுக்கு ஒதுக்கின இடத்தில் உட்கார்ந்தோம். மழை தூற ஆரம்பித்துவிட்டது. ஆர்னெட்டா அந்த மைதானத்தில் பேண்டு உடுப்பு இல்லாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எதிரே ட்ராம்போன் வரிசையில் அவள் இடத்தில் ஒரு சிவந்த முடிக்காரப் பையன் இருந்தான். "அவனுக்கு நீளக் கை, ஆனா மூச்சு பத்தாது," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

முதல் பாதி முழுக்கச் சேற்றில் புரண்டார்கள். யாருக்கும் புள்ளி இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்து ஐசம் கைக்கு வந்தது. இடது பக்கம் போகிற மாதிரி போய், சட்டென்று வலது பக்கம் திரும்பினான். பிடிக்க வந்தவன் சேற்றில் சறுக்கி விழுந்தான். அதற்கு அப்புறம் அவனுக்கு முன்னால் ஆளே இல்லை. பாதி மைதானம் வெறும் பச்சை. எல்லாரும் எழுந்துவிட்டோம். அக்கா என் கையை நசுக்கினாள். கொடிகள் எழும்பின. பேண்டு எழுந்து நின்றது. அவன் கோட்டை நெருங்குவதற்கு முன்னாலேயே பெரிய ட்ரம் பாட்டைத் தொடங்கிவிட்டது.

கோட்டுக்கு முன்னால் ஐசம் வேகத்தைக் குறைத்தான். ஓட்டம் நடையாயிற்று. ஓரடி மிச்சம் இருக்கும்போது நின்றான். துரத்தி வந்தவர்கள் இன்னும் தூரத்தில் இருந்தார்கள். அவன் பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலை மெதுவாகத் தரையில் வைத்தான். முழங்கால் தரையில் பட்டால் அந்த இடத்தோடு சரி. டச்டவுன் இல்லை.

ட்ரம்காரன் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினான். அவ்வளவு ஜனம் அப்படி வாயடைத்து நின்றதை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. மழைச் சத்தம் கேட்டது. பாதி தூக்கின கொடிகளை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னடி பண்றான்?" என்றாள் அக்கா. "காலு சுளுக்கிடுச்சா?"

ஆர்னெட்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஐசம் எழுந்து பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். அப்போதுதான் கூச்சல் கிளம்பியது. அந்த வார்த்தைகளை இங்கே எழுத வேண்டியதில்லை. கோச் அவனை வெளியே எடுத்துவிட்டு ஒரு தடித்த வெள்ளைக்காரப் பையனை அனுப்பினார். அதே இடத்திலிருந்து அந்தப் பையன் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்தான். டச்டவுன். பாட்டு வந்தது. வழக்கத்தைவிடச் சத்தமாக, இரண்டு தடவை வாசித்தார்கள். ஐசம் மழையில் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாரும் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லோனி போய் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஆட்டத்தில் எங்கள் அணிதான் ஜெயித்தது. தோற்றிருந்தால் அவனைத் திட்ட ஒரு காரணமாவது இருந்திருக்கும். ஜெயித்ததால் கோபத்தை எங்கே வைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் ஹோசியா அண்ணன் ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தார். "ஆட்டத்தச் சொல்ற ஆளு பேச்ச நிறுத்திட்டான். ரேடியோதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்," என்றார்.

மறுநாள் மத்தியானம் கோச் பர்டெட் வந்தார். அவர் அந்த வீட்டுக்கு வந்தது அதற்கு முன்னால் ஒரே தடவை, ஐசத்தைத் தங்கள் அணியில் சேர்க்கச் சொல்லிக் கேட்க. அன்று வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு கழற்றினார். ஐசம் சுவரோரம் நின்றான். ஆர்னெட்டா நாற்காலியின் நுனியில். நான் சமையல்கட்டு வாசலில் பாத்திரம் துடைக்கிற சாக்கில் நின்றேன்.

"நான் சுத்தி வளைக்கல," என்றார் கோச். "எனக்கு போன் மேல போன். கார்ட்ரைட்டு பேசுனாரு, பல்கலைக்கழகத் தலைவர் பேசுனாரு. நான் ஒரு வழி யோசிச்சிருக்கேன். நேத்து மழை. தரையெல்லாம் சேறு. ஐசம், ஒனக்குக் காலு வழுக்கிடுச்சு. முட்டி மடங்கிடுச்சு. அவ்வளவுதான். பத்திரிகைக்காரன் அதத்தான் எழுதுவான், நான் பேசிக்கிறேன். வர்ற சனிக்கிழமை நீ முதல் வரிசையில ஆடுவ."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஒரு பொய், அதுவும் மழைமேல் பழிபோடுகிற பொய். மழைக்கு என்ன நஷ்டம்? அண்ணன் பழைய வேலைக்குத் திரும்பலாம்.

"அப்படியே சொல்லிடு ஐசம்," என்றாள் ஆர்னெட்டா. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவன் முகம் பார்த்து அவள் பேசி ஒரு மாசம் இருக்கும். "வழுக்கிடுச்சுன்னு சொல்லுடா. எனக்காக நீ ஓட்டத்த விடவேணாம். நான் கேக்கவே இல்லையே."

"ஒனக்காகன்னு யாரு சொன்னா?" என்றான் ஐசம்.

"பின்ன?"

அவன் சுவரை விட்டு முன்னால் வந்தான். "முன்னாடி ஒருத்தனும் இல்லக்கா. அந்த மாதிரி ஓட்டம் எனக்கு வந்ததே இல்ல. காலு தரையில பட்டுச்சான்னே தெரியல. நான் பாட்டுக்குப் போறேன். அப்ப ட்ரம் அடிக்கிறான். நான் இன்னும் போய்ச் சேரல. அதுக்குள்ள எடுத்துக்கிட்டாங்க. அது என்னோட ஓட்டம். போய்ச் சேந்தா அவங்களோடது ஆயிடும்னு தோணுச்சு. நின்னுட்டேன்."

பிறகு கோச்சைப் பார்த்து, "எனக்குக் காலு வழுக்கல சார்," என்றான்.

"யோசிச்சுப் பேசு தம்பி. இதச் சொன்னா நான் ஒன்ன ஆட விட முடியாது. பெரிய அணிக்காரன் எவனும் திரும்பிப் பாக்கமாட்டான்."

"தெரியும் சார்."

கோச், ஹோசியா அண்ணனைப் பார்த்தார். "நீயாவது சொல்லு. தகப்பன் நீ."

அண்ணன் புண்ணான கையைத் தொடைமேல் மல்லாத்தி வைத்திருந்தார். "நான் காது கேக்காதவன் சார்," என்றார். "ஆனா அவன் சொன்னது கேட்டுச்சு."

அப்போது வெர்டெல் அக்கா எழுந்தாள். அவள்தான் கெஞ்சுவாள் என்று நான் நினைத்தேன். இத்தனை நாளும் வம்பு வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான்.

"கோச், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க," என்றாள். "நாளைக்குக் காலையில நான் வேலைக்கு வரணுமா வேணாமா? மாவு பிசையணும்னா நான் சீக்கிரம் படுக்கணும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்ன வெர்டெல் இது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வா, வா."

"அப்ப எம் மகன் ஆடுனாலும் ஆடாட்டியும் வரிசையில வந்து நிப்பான். படிப்பு இருக்கற வரைக்கும் அவனுக்கு அங்க சாப்பாடு உண்டு. நான்தான் போடுவேன். யாராவது ஏன்னு கேட்டா நீங்க பதில் சொல்லுங்க."

கோச் தலையாட்டினார். போகும்போது, "அந்த ஓட்டம் மாதிரி நான் பாத்ததில்ல," என்று ஐசத்திடம் சொன்னார். அது உண்மையாகத்தான் இருக்கும். கார் போன பிறகு அக்கா உட்கார்ந்து அழுதாள். நான் சுட்டு வைத்திருந்த இனிப்புப் பலகாரத்தை அறுத்து எல்லாருக்கும் கொடுத்தேன். ஆர்னெட்டா தன் துண்டில் பாதியை வெட்டித் தம்பி தட்டில் வைத்தாள். அவன் தின்றான்.

நடந்தது இதுதான். ஐசம் அந்த வருஷம் அதற்குப் பிறகு ஆடவில்லை. மறு வருஷம் தெற்கே எங்கள் ஆட்களின் கல்லூரி ஒன்றுக்கு ஆடப் போனான். பெரிய அணிக்காரர்கள் யாரும் அவனைத் தேடி வரவில்லை. படிப்பை முடித்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தான். ஆர்னெட்டா இங்கேயே இருந்தாள். எங்களோடு அடுப்படியில் தட்டுக் கழுவி ஃபீஸ் கட்டி முடித்தாள். கார்ட்ரைட் மனசு மாறவில்லை. அண்ணன் பச்சைப் பலகை இழுத்தபடியே ஓய்வு பெற்றார். அந்தப் பாட்டு நிற்கப் பல வருஷம் ஆயிற்று. நின்றபோது யாரும் டார்ப்லி வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லவில்லை.

ஆனால் அந்த வருஷத்துக் கடைசி ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நவம்பர், நல்ல குளிர். போகலாம் என்று நான் சொல்லவில்லை. ஐசமே வந்து, "லோனி முதல் வரிசையில ஆடுறான். பாக்கணும்," என்றான். அவன் போனால் ஆர்னெட்டாவும் போவாள். அவர்கள் இரண்டு பேரையும் தனியே விட அக்காவுக்கு மனசு வரவில்லை. நான்கு பேரும் போனோம்.

இந்தத் தடவை பொது இடத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. எங்களுக்குப் பின்வரிசையில் மூன்று நான்கு பையன்கள். "பாத்து உக்காரு, வழுக்கிடப் போகுது," என்றான் ஒருத்தன். "முட்டி போட எடம் விடுங்கப்பா," என்றான் இன்னொருத்தன். ஐசம் திரும்பவில்லை. போர்வையைப் பிரித்து அம்மா காலில் போட்டான்.

முதல் பாதி முடியப்போகிற நேரம். லோனி பந்தை வாங்கி இடது பக்கம் போகிற மாதிரி போய், வலது பக்கம் திரும்பினான். ஒருத்தன் விழுந்தான். இன்னொருத்தனை உதறினான். ஐசம் தொடையில் அடித்துக்கொண்டு, "காலத் தூக்கு, காலத் தூக்கு," என்று முனகினான். லோனி கோட்டைத் தாண்டினான். தாண்டிவிட்டு, பந்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். செய்யக்கூடாததைச் செய்துவிட்டவன் மாதிரி கூட்டத்தில் யாரையோ தேடினான்.

பாட்டு ஆரம்பித்தது. எங்களைச் சுற்றிக் கொடிகள் எழும்பின. பின்வரிசைப் பையன் வேண்டுமென்றே கொடியை எங்கள் தலைக்கு மேலே ஆட்டினான்.

ஐசம் எழுந்து நின்றான். கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினான்.

"என்னடா பண்ற?" என்றாள் அக்கா.

"அந்தத் திருப்பத்தப் பாத்தியாம்மா? செப்டம்பர்லருந்து அதத்தான் பழகுறான். வரவே இல்ல அவனுக்கு. இன்னைக்கி வந்துடுச்சு." சொல்லிவிட்டு மறுபடி தட்டினான். பிறகு குனிந்து, குளிர்கோட்டுப் பையில் கையை விட்டபடி உட்கார்ந்திருந்த ஆர்னெட்டாவைப் பார்த்தான். "கோவமாக்கா?"

ஆர்னெட்டா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கொடி அவள் முடியை உரசிக்கொண்டு போயிற்று.

"நான் எந்திரிக்க மாட்டேன்டா," என்றாள். "நீ தட்டு. எனக்கும் சேத்துத் தட்டு."

அவன் தட்டினான். பாட்டு முடிந்தது. கொடிகள் இறங்கின. ஜனங்கள் உட்கார்ந்து கடலையை உடைக்க ஆரம்பித்தார்கள். அவன் இன்னும் நின்றுகொண்டு தட்டிக்கொண்டிருந்தான். கீழே லோனி அவனைக் கண்டுபிடித்துக் கையைத் தூக்கினான்.